சந்தையில் வாங்கிய குதிரைக்கு உடம்பு சரியில்லையோ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடி மாதம் அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் சந்தை முடிந்த கையோடு எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். எல்லோரும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: "அண்ணா, சந்தையில பார்த்தப்ப துள்ளிக்கிட்டு நின்னுச்சு. வீட்டுக்கு வந்ததும் தலையைத் தொங்கப் போட்டுருச்சு." நான் கால்நடை மருத்துவன் அல்ல. பல வருடமாகக் குதிரை வளர்ப்பவன், வாங்குவதில் அடிபட்டவன். வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். மருந்து விஷயத்தில் கடைசி வார்த்தை உங்கள் மருத்துவருடையது.

குதிரை வந்து இரண்டு நாள் ஆகிறது. சோர்ந்து நிற்கிறது. பயணக் களைப்பா, நோயா?

நிற்கிற தோரணையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வெப்பமானியைக் கேளுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் வெப்பமானி போதும். அதன் முனையில் கொஞ்சம் வாசலின் தடவி, பின்பக்கத்தில் ஒரு நூலைக் கட்டி, நூலின் மறுமுனையைக் கிளிப் போட்டு வாலில் மாட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் உள்ளே போய்விடும், அல்லது கீழே விழுந்து குளம்படியில் நொறுங்கும். குதிரைக்கு நேர் பின்னால் நிற்காமல் இடுப்பை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று ஆசனவாயில் வையுங்கள்.

ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சரி. வெயில் நேரத்தில் கொஞ்சம் ஏறும். அதனால் காலை விடியும்போது ஒரு தடவை, பொழுது சாய்ந்து ஒரு தடவை என்று தினமும் ஒரே நேரத்தில் பார்த்து நோட்டில் எழுதுங்கள். வெறும் களைப்பென்றால் காய்ச்சல் இருக்காது, ஒரு ராத்திரி நின்று தண்ணீர் குடித்து வைக்கோல் தின்றால் தெளிந்துவிடும். 102-க்கு மேல் போனால் அது களைப்பல்ல.

லாரியில் நெடுந்தூரம் வந்த குதிரைக்கு இன்னொரு ஆபத்து உண்டு. தலையை உயரத் தூக்கிக் கட்டியே கொண்டுவருவார்கள். குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வெளியேறும். பத்துப் பதினைந்து மணி நேரம் தலை தூக்கியபடி நின்றால் அந்த அழுக்கு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். குதிரை லாரியிலிருந்து இறங்கிய மூன்று நாளுக்குள் காய்ச்சல், மேலோட்டமான மூச்சு, நடக்கத் தயக்கம் என்று வந்தால் நிமோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். வந்து இறங்கியதும் தீனியைத் தொட்டியில் உயர்த்தி வைக்காமல் தரையில் போடச் சொல்வது இதனால்தான்.

காய்ச்சல் தவிர வேறு என்ன பார்ப்பது?

நாடி. கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் ஒரு ரத்தக்குழாய் கயிறுபோல உருளும். அதை விரலால் லேசாக அழுத்தி 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இயல்பு. சும்மா நிற்கும்போதே 60-ஐத் தாண்டினால் எங்கோ கடுமையான வலியோ பெரிய கோளாறோ இருக்கிறது. மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. வயிற்றோரம் ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணலாம்.

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்த இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்த ஈறு ரத்தச்சோகை, மஞ்சள் என்றால் ஈரல் கோளாறோ உண்ணி கடித்து வரும் காய்ச்சலோ, செங்கல் நிறமோ கருநீலமோ என்றால் உடனே போனை எடுங்கள்.

பிறகு லத்தி. ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை போடும். எத்தனை தடவை, உருண்டையாக இருக்கிறதா, கொள்ளு அரைபடாமல் முழுசாக வருகிறதா என்று பார்க்கக் காசு ஒன்றும் ஆகாது. சந்தேகம் இருந்தால் இரண்டு உருண்டையைக் கண்ணாடிப் புட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். அடியில் மணல் படிந்தால், தரையில் கிடக்கும் தீனியோடு மண்ணையும் சேர்த்துத் தின்கிறது. நான் மேலே தரையில் போடச் சொன்னது சாக்கு விரித்து அதன்மேல், வெறும் மண்ணில் அல்ல.

வீட்டில் ஏற்கெனவே குதிரை இருக்கிறது. புதுசைத் தனியாகக் கட்ட வேண்டுமா?

ஆமாம். மூன்று வாரம், முடிந்தால் ஒரு மாதம். "கண்ணுக்கு நல்லாத்தானே இருக்கு" என்பது காரணமாகாது. ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொண்டைக் கட்டி நோய் ஒட்டிய பிறகு வெளியே தெரிய மூன்று நாளிலிருந்து இரண்டு வாரம்வரை ஆகும். தனி வாளி, தனி சீப்பு, தனி தும்புக் கயிறு. வேலையாள் முதலில் பழைய குதிரைகளைப் பார்த்துவிட்டுக் கடைசியில் புதுசுக்குப் போகட்டும். பொதுத் தண்ணீர்த் தொட்டிதான் நான் பார்த்தவரையில் பெரிய குற்றவாளி.

வெப்பமானி இங்கேயும் உதவும். ஸ்ட்ராங்கிள்ஸில் காய்ச்சல் முதலில் வரும். மூக்குச் சளி வழியாக மற்றக் குதிரைகளுக்குப் பரவுவது பெரும்பாலும் அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான். தினமும் இரண்டு வேளை வெப்பம் பார்ப்பவருக்கு அந்த இடைவெளி கையில் கிடைக்கும்.

மூக்கு ஒழுகுகிறது. பயப்பட வேண்டுமா?

எப்படி ஒழுகுகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு மூக்கிலும் தண்ணீர் மாதிரி, காய்ச்சல் இல்லை, நன்றாகத் தின்கிறது என்றால் லாரித் தூசியாக இருக்கலாம். கெட்டியான மஞ்சள் சளி, காய்ச்சல், தாடைக்குக் கீழே வீக்கம், விழுங்கச் சிரமம் என்றால் ஸ்ட்ராங்கிள்ஸை நினைக்க வேண்டும். அந்தக் கட்டி ஒன்றிரண்டு வாரத்தில் பழுத்து உடையும். பெரும்பாலான குதிரைகள் தேறிவிடும். ஆனால் தேறிய பிறகும் சில குதிரைகள் தொண்டைக்கு மேலே உள்ள பையில் கிருமியை மாதக்கணக்கில் சுமந்து திரியும். ஒற்றை மூக்கில் மட்டும் நாற்றத்தோடு வந்தால் பல் வேரில் சீழ் இருக்கலாம்.

பயப்பட வேண்டியது கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கு. பிசுபிசுத்த சளி, மூக்குக்குள் புண், காலின் உட்புறம் வரிசையாக முடிச்சு முடிச்சாகக் கட்டி உடைந்து தேன்போல ஒழுகுவது இதன் அடையாளங்கள். இது மனிதருக்கும் ஒட்டும், உயிரையும் எடுக்கும். இந்தியாவில் 2006-இல் மகாராஷ்டிரத்தில் மறுபடி தலைகாட்டி, பிறகு வட மாநிலங்கள் பலவற்றில் வந்தது. இதற்குத் தடுப்பூசி கிடையாது. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய் இது. ரத்த மாதிரி அரியானாவில் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் சோதிக்கப்படுகிறது. உறுதியானால் மருத்துவம் பார்ப்பதில்லை, கருணைக்கொலைதான். இப்படி ஒரு சந்தேகம் வந்தால் வெறுங்கையால் மூக்கைத் தொடாதீர்கள், கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். யாருக்கும் விற்றுத் தலைமுழுகப் பார்க்காதீர்கள். வடக்கிலிருந்து வரும் குதிரை என்றால் பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தச் சோதனைத் தாளைக் கேளுங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து நொண்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

என் கதையைச் சொல்கிறேன். சில வருடம் முன்பு ஒரு செவலைப் பெட்டைக் குதிரை வாங்கினேன். மூன்றாம் நாள் காலையில் முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றவே மறுத்துவிட்டது. எலும்பு முறிந்த குதிரையை வலி மருந்து போட்டுத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முடிவு செய்து, விற்றவருக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். மாலையில் மருத்துவர் வந்தார். குளம்பைத் தொட்டார், சுட்டது. குளம்புக்கு மேலே கணுக்காலின் பின்பக்கம் நாடி தெறித்தது. லாடத்தைக் கழற்றி இடுக்கியால் குளம்படியை அழுத்திக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். குதிரை காலை வெடுக்கென்று இழுத்தது. அங்கே கத்தியால் சுரண்டியதும் கறுப்பாகச் சீழ் பீச்சியது. அவ்வளவுதான். குளம்புக்குள் சீழ். எப்சம் உப்புக் கட்டு, ஒரு வாரம், சரியாகிவிட்டது. விற்றவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார் என்று சொல்ல ஆசைதான், அப்படி நடக்கவில்லை.

திடீரென்று ஒரே காலில் கடும் நொண்டல் என்றால் முதலில் குளம்பைப் பாருங்கள். லேசான நொண்டலுக்குக் கெட்டித் தரையில் ஓட்டமும் நடையுமாக ஒருவர் பிடித்து ஓட்ட, நீங்கள் முன்னால் நின்று தலையைப் பாருங்கள். வலிக்கிற முன்னங்கால் ஊன்றும்போது தலை மேலே போகும், நல்ல கால் ஊன்றும்போது கீழே இறங்கும். பின்னங்கால் என்றால் பின்னால் நின்று இடுப்பைப் பாருங்கள். வலிக்கிற பக்கம் அதிகமாக ஏறி இறங்கும்.

இரண்டு முன்னங்கால்களும் சூடாக, குதிரை பின்னுக்குச் சாய்ந்து குதிகாலில் பாரம் போட்டு நின்றால் அது லேமினைட்டிஸ். குளம்பின் உள்ளே எலும்பைப் பிடித்திருக்கும் திசு வீங்கி அவிழ்கிற நிலை. இதை நடத்திப் பார்க்கவே கூடாது. கொள்ளையும் தவிட்டையும் நிறுத்தி, மணலோ வைக்கோலோ தடியாக விரித்து நிற்க வைத்து, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நன்றாகத் தின்கிறது. ஆனாலும் இளைத்துக்கொண்டே போகிறது. ஏன்?

அதே செவலையின் மிச்சக் கதை இது. கால் சரியானதும் நான் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அதுதான் தப்பு. தீனி எடுத்தது, விலா தெரிந்தது. அடிவயிற்றிலும் பின்னங்காலிலும் வீக்கம், அழுத்தினால் குழி. ஒரு நாள் சோர்வாக இருக்கும், மறுநாள் தேறிவிடும். குடற்பூச்சி என்று நினைத்து இரண்டு தடவை மருந்து கொடுத்தேன். ஒன்றரை மாதம் கழித்து நடக்கும்போது பின்பக்கம் தள்ளாடியது. ரத்தச் சோதனையில் சர்ரா என்று வந்தது.

சர்ரா என்பது ரத்தத்தில் வாழும் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணியால் வருவது. கடி ஈக்கள், குறிப்பாக மாட்டையும் குதிரையையும் ரத்தம் வரக் கடிக்கும் பெரிய ஈக்கள், ஒரு பிராணியிடமிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். ஒட்டகம், மாடு, நாய் எல்லாவற்றுக்கும் வரும் என்றாலும் குதிரையைத்தான் கடுமையாகத் தாக்கும். காய்ச்சல் விட்டு விட்டு வருவது இதன் குணம். காய்ச்சல் ஏறியிருக்கும் நேரத்தில் எடுத்த ரத்தத்தில்தான் கிருமி எளிதாகத் தெரியும். காய்ச்சல் இல்லாத நாளில் எடுத்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று நம்பிவிடுவோம். நான் நோட்டை மூடாமல் இருந்திருந்தால் எந்த நாளில் ரத்தம் எடுக்க வேண்டும் என்று அதுவே சொல்லியிருக்கும். குவினாபைரமின் ஊசி போட்டுத் தேறியது. ஊசி போட்ட இடத்தில் வீக்கம் வந்தது, அது அந்த மருந்தின் வழக்கம். காலைத் தூக்கிக்கொண்டு ஊரைக் கூட்டிய நோய் ஒரு வாரத்தில் போனது. சத்தமே போடாத நோய்தான் உயிரை எடுக்க இருந்தது.

இளைப்புக்கு மற்றக் காரணங்கள்: பல், குடற்பூச்சி, உண்ணிக் காய்ச்சல். அரைமென்ற வைக்கோலை உருண்டையாக வாயிலிருந்து கீழே போட்டால் பல்தான். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கும். அரத்தால் ராவிவிட்டால் போதும். "கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும்" என்பார்கள். கொள்ளுக்கே வாய் திறக்கத் தயங்கினால் வாய்க்குள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மாட்டுக்கு வாங்கி வைத்த மருந்தைக் குதிரைக்குப் போடலாமா?

கூடாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் அமிட்ராஸ் மருந்தைக் குதிரைமேல் தெளித்தால் குடல் இயக்கம் நின்று உயிர் போகலாம். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் மொனென்சின் என்ற பொருள் கலந்திருக்கும். கோழிக்கும் மாட்டுக்கும் நல்லது, குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துவிடும். கோழிப்பண்ணைக்காரர் மிச்சத் தீவனத்தை அன்போடு கொடுத்தால் அன்பை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

குடற்பூச்சி மருந்து எடைக்கு ஏற்பத் தர வேண்டும். எடை மேடை இல்லையென்றால் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் செ.மீ.யில் எடுங்கள். தோள் முனையிலிருந்து புட்டத்து முனைவரை நீளத்தை எடுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 140 என்றால் சுமார் 300 கிலோ. கண்மதிப்பில் சொன்ன எடையும் இதுவும் பெரும்பாலும் ஒத்துவராது.

வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, தரையைக் காலால் தோண்டுகிறது.

வயிற்றுவலி. படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள், மிச்சத்தைப் பிறகு படிக்கலாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால் மாட்டுக்கு ஒரு ராத்திரி பொறுக்கிற விஷயம் குதிரைக்குப் பொறுக்காது. தீனியை எடுத்துவிடுங்கள். புரளப் பார்த்தால், முடிந்தால் மெதுவாக நடத்துங்கள். எண்ணெயோ கஷாயமோ புனலில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். வியர்வை, 60-க்கு மேல் நாடி, லத்தி இல்லை என்ற மூன்றும் சேர்ந்தால் அறுவை தேவைப்படலாம்.

புதுக் குதிரைக்கு இது வரப் பெரும்பாலான காரணம் தீனி மாற்றம். பழைய இடத்தில் என்ன தின்றது என்று விற்றவரிடம் கேட்டு, அதிலிருந்து பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் தீனிக்கு மாற்றுங்கள்.

எலும்பும் தோலுமாக இருந்ததைப் பரிதாபப்பட்டு வாங்கிவிட்டேன். கொள்ளு வேகவைத்து நிறையக் கொடுக்கலாமா?

பரிதாபம் சரி, நிறைய என்பது தப்பு. பட்டினி கிடந்த உடம்பில் மாவுச்சத்து திடீரென்று இறங்கினால் ரத்தத்தில் உப்புகளின் அளவு தாறுமாறாகி இதயம் நிற்கலாம், லேமினைட்டிஸும் வரலாம். முதல் பத்து நாள் குதிரைமசால் என்ற தீவனப் பயிரைச் சிறு சிறு பிடியாக, ஒரு நாளைக்கு ஆறு வேளை கொடுங்கள். பெயரிலேயே குதிரை இருக்கிறது பாருங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். கொள்ளு அதற்குப் பிறகு.

குதிரைப் பராமரிப்பில் கோளாறு நமக்குப் புதிதல்ல. பாண்டிய நாட்டுக்குக் கடல் கடந்து வந்து இறங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்துப்போயின, பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் இல்லை என்று 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு வயது என்றார்கள். எப்படி உறுதி செய்வது?

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்த குதிரையைத் தாராளமாகப் பார்க்கலாம். முன்வரிசைப் பால்பற்கள் நடுவிலிருந்து ஓரத்துக்கு 2½, 3½, 4½ வயதில் விழுந்து முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். மேல்வரிசை ஓரப் பல்லில் ஈறோரமாக ஒரு பழுப்புக் கோடு பத்து வயதை ஒட்டித் தொடங்கி, பதினைந்தில் பாதிப் பல்லுக்கு வந்து, இருபதில் முழுப் பல்லுக்கும் இறங்கும். இது தோராயம்தான், ஆனால் ஆறு என்று சொன்ன குதிரைக்குப் பாதிப் பல்வரை கோடு இருந்தால் பேசுவதற்கு விஷயம் இருக்கிறது.

உடம்பில் மயிர்ச்சுழி சரியில்லை என்கிறார் பெரியவர். அதனால்தான் நோயா?

இல்லை. சுழி பார்ப்பவரோடு நான் சண்டை போடுவதில்லை, விற்கும்போது விலையில் அது பேசும். நோயில் பேசாது.

ஊசி போட்டு விற்றார்களா என்று இப்போது கண்டுபிடிக்க முடியுமா?

வாங்கிய அன்றே ரத்தம் எடுத்து வைத்திருந்தால் முடியும். வலி மருந்தும் மயக்க மருந்தும் சில நாளில் உடம்பைவிட்டுப் போய்விடும். சந்தையில் சாதுவாக நின்றது வீட்டில் நான்காம் நாள் கடிக்க வந்தால் சந்தேகம் நியாயம், ஆனால் நிரூபணம் ஆகாது. அடுத்த தடவை மருத்துவரைக் கூட்டிப்போய் ஒரு குழாய் ரத்தம் எடுத்துக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்கும்போது விற்பவரின் முகம் மாறினால் சோதனையே தேவைப்படாது.

திருப்பிக் கொடுக்க முடியுமா?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், மோசடி என்றால் என்ன என்று சொல்லும் 17-ஆவது பிரிவுக்குக் கொடுத்திருக்கும் உதாரணமே கோளாறான குதிரைதான். ஒருவர் ஏலத்தில் குதிரை விற்கிறார், கோளாறு அவருக்குத் தெரியும், வாய் திறக்கவில்லை. அது மோசடி அல்ல என்கிறது சட்டம். அதே பிரிவில் இன்னொரு உதாரணம்: வாங்குபவர், "நீங்கள் இல்லை என்று மறுக்காவிட்டால் குதிரை நல்லபடி இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்" என்கிறார். விற்பவர் பேசாமல் நிற்கிறார். இப்போது அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

ஆகவே வாய்விட்டுக் கேளுங்கள், சாட்சி வைத்துக் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். இதற்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும் என்றால், மௌனத்தைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது 19-ஆவது பிரிவு. நொண்டுவதைப் பார்த்துக்கொண்டே வாங்கிவிட்டுப் பிறகு நீதிமன்றம் போக முடியாது.

நடைமுறையில் வழக்குக்குப் போகிறவர் குறைவு. தரகரை நடுவில் வைத்து, மருத்துவரின் அறிக்கையோடு முதல் வாரத்திலேயே பேசுபவருக்குக் கொஞ்சமாவது பணம் திரும்புகிறது. நான் செவலையைத் திருப்பவில்லை. சர்ரா சந்தையில் இருந்ததா, என் வீட்டு ஈ கொண்டுவந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நரியைப் பரியாக்கி மதுரைக்கு அனுப்பிய கதையிலும் குதிரைகள் ஓர் இரவுகூடத் தாங்கவில்லை. பாண்டியன் மாணிக்கவாசகரை வைகை மணலில் நிறுத்தினான், பணம் திரும்பியதாகக் கதை சொல்லவில்லை.

எந்த மருத்துவரைக் கூப்பிடுவது? தடுப்பூசி என்ன?

அவசரத்துக்கு 1962 எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கேட்கலாம். குதிரை பார்த்துப் பழகியவர்கள் எல்லா ஊரிலும் இல்லை. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் கேளுங்கள். பழைய தடுப்பூசிக் கணக்கு இல்லாத குதிரைக்கு எதுவும் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு, டெட்டனஸுக்கு நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசியும் வெறிநோய்க்கு ஓர் ஊசியும் மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். காய்ச்சல் இருக்கும்போது போட வேண்டாம். லாட ஆணிக் காயம் ஒன்று போதும், டெட்டனஸுக்குக் குதிரையைவிட எளிய இரை இல்லை.

பெட்டைக் குதிரை. வயிறு பெரிசாக இருக்கிறது. பூச்சியா, சினையா?

இரண்டும் இருக்கலாம். சினைக்காலம் பதினொரு மாதம், விற்றவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். எந்த மருந்து கொடுப்பதற்கு முன்பும் சினைப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். குட்டி வந்துவிட்டால் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள்.